நூற்றுப் பதினேழு சாவி

கண் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில் 'இன்று பார்வை நாள்' என்று பெரிய பதாகை கட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் மாதத்துக்கு நாலைந்து பேராவது அதைப் படித்துவிட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்து, வாயிற்காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவது வழக்கம். லிஃப்ட்காரர் அந்த ரகம் இல்லை. பதாகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்துவிட்டுத்தான் போனார். 'தொன்மைக் கைக்கடிகார மதிப்பீட்டு ஏலக் கழகம். ஏலம் கேட்குமுன் பொருளைப் பார்த்துத் தெளிக.' பார்த்துத் தெளியத்தான் அவரும் போனார். ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் எல்லாருமே தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருப்பார்கள்.

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். நடுவழியில் லிஃப்ட் நின்று, உள்ளே இருப்பவர்கள் அலறும்போது, "பதறாதீங்க, கதவு தெறக்கும்" என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சொன்னபடி கதவும் திறந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவர் உள்ளே மாட்டிக்கொண்டு பதறியது அந்த ஒரு நாள்தான், அதுவும் லிஃப்டே இல்லாத ஓர் அறையில்.

அவருடைய மனைவிக்கு ஆறு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. கடிகாரம் தெரியாமல் போனதும், ஒரு நாளைக்கு இருபது தடவை "மணி என்னங்க?" என்று கேட்பாள். அவரும் இருபது தடவை சொல்வார். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள், வேலை முடிந்து அலுத்துப்போய் வந்தவர், "நான் என்ன உன் கடிகாரமா?" என்று வள்ளென்று விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் கேட்கவே இல்லை. அந்த மூன்று நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் கேட்காமலேயே சுவரைப் பார்த்து "மணி ஏழாச்சு", "மணி எட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நேற்று ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குக் கட்டு அவிழ்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"கட்டு அவுக்கும்போது நீங்க எதுக்க வந்து நிக்கணும்" என்று மனைவி சொல்லியிருந்தாள். "மொதல்ல உங்க மூஞ்சியத்தான் பாக்கணும்."

"பாத்த மூஞ்சிதானே?"

"எங்க பாத்தேன்? ஆறு வருஷமா உங்க குரலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மூன்றரை மணிக்கு அவள் கண்ணயர்ந்ததுபோல் இருந்தது. பெரிய பெரிய எண்ணாகப் போட்ட நல்ல கைக்கடிகாரம் ஒன்று அவளுக்கு வாங்கிக் கொடுத்தால், சொன்ன சொல்லுக்குக் கொஞ்சம் பிராயச்சித்தமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பழசு என்றால் எண்கள் பெரிதாக இருக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம். "எதுத்தாப்ல கடிகாரக் கட்டடம் ஒண்ணு இருக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்றார். "அஞ்சு மணி" என்று அவள் தூக்கத்திலேயே சொன்னாள்.

வாயிற்காவலர் நல்ல மனிதர். "கைக்கடிகாரம், போன், குடை, சில்லறை எல்லாத்தையும் பெட்டில வெச்சுப் பூட்டுங்க" என்றார். "உலோகம் உள்ள வந்தா பொருள்ல கீறல் விழும்."

வைத்துப் பூட்டினார்.

"சாவியக் குடுங்க. அதுவும் உலோகம்தானே?"

கொடுத்தார். நூற்றுப் பதினேழு என்று வில்லை கட்டிய அந்தச் சாவியை வாயிற்காவலர் ஆணியில் மாட்டினார். கடிகாரம் வாங்க வந்தவர் மணி பார்க்க வழியில்லாமல் உள்ளே போனார்.

உள்ளே நீள நீளமான மேஜைகள், பச்சைத் துணி, அதன்மேல் வரிசையாக இருநூறு கைக்கடிகாரங்கள். ஒன்றுகூட ஓடவில்லை. சுவரில் ஆள் உயரக் கடிகாரம் ஒன்று நின்றது. அது பதினொன்று பத்து காட்டியது.

"சார், மணி என்ன இருக்கும்?" என்று மேஜைக்கு அந்தப் பக்கம் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த எழுத்தரைக் கேட்டார்.

"பதினொண்ணு பத்து."

"நான் வரும்போதே மூணரை ஆச்சே?"

"அது வெளியில" என்றார் எழுத்தர், தலையைத் தூக்காமல். "இங்க இருபத்திரண்டு வருஷமா பதினொண்ணு பத்துதான். தெறந்து ரிப்பேர் பண்ணா அசல் கெட்டுடும்."

அந்த அறையில் 'அசல்' என்ற சொல்லைச் சொல்லும்போது எல்லாருமே குரலைத் தாழ்த்தினார்கள். ஏலம் கேட்க வந்தவர்கள் ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மற்ற கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டயல் நிபுணர் ஒருவரும் முள் நிபுணர் ஒருவரும் அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"பாருங்க, டயல்ல மறுபூச்சு கிடையாது" என்றார் டயல் நிபுணர். "இந்த மஞ்சள் கறை, அசல் கறை. ஒரு சொட்டு மழைத்தண்ணி அறுபது வருஷத்துக்கு முன்னாடி உள்ள போயிருக்கு. அந்தச் சொட்டுக்கே தனியா சான்றிதழ் இருக்கு."

"முள் சரியா இருக்குங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"அது என் துறை இல்ல" என்று டயல் நிபுணர் நகர்ந்துகொண்டார்.

முள் நிபுணர் குனிந்தார். "முள் இருக்கு. இந்தக் கடிகாரத்தோட முள்ளான்னு சொல்ல முடியும். ஆனா டயலைப் பாக்காம முள்ளை மட்டும் பாக்கறதுக்கு எனக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க. அதனால மணி என்னன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

லிஃப்ட்காரர் மேஜையில் கிடந்த ஒன்றின்மேல் படிந்த தூசியை வாயால் ஊதப் போனார். எழுத்தர் பாய்ந்து வந்து கையை நீட்டி மறித்தார். "ஐயையோ, அது அசல் தூசிங்க!"

நாற்பத்து மூன்றாம் எண் பொருள் அவருக்குப் பிடித்துப்போனது. வெள்ளை டயல், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கொட்டை கொட்டையாகக் கறுப்பு எண்கள். அச்சடித்த பட்டியலில் அதற்கு நேரே, 'நிலை: ஓடாதது. தொடப்படாதது. கீறல்கள் மூன்று (அசல்). முட்கள் எட்டு இருபதில்' என்றிருந்தது. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு, இதை அவள் கையில் கட்டினால் எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எல்லாரும் செய்வதுபோலக் காதில் வைத்தார்.

உள்ளே இறுகிக் கிடந்த எண்ணெய் கைச்சூட்டில் இளகியதோ என்னவோ, கடிகாரம் டிக் என்றது. அப்புறம் இன்னொரு டிக். அப்புறம் நிற்கவே இல்லை.

"ஓடுதே!" என்றார் லிஃப்ட்காரர், குழந்தை நடந்துவிட்டதைப் பார்த்தவர்போல.

லென்ஸ்கள் கண்ணிலிருந்து நழுவின. எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"சாவி குடுத்தீங்களா?"

தன்னைப் பெட்டிச் சாவி விஷயமாகக் கேட்கிறார்கள், விதியை மீறி உலோகம் உள்ளே கொண்டுவந்துவிட்டோம் என்று சந்தேகப்படுகிறார்கள் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். சாவி என்றால் பூட்டுக்கும் சாவி, கடிகாரத்துக்கும் சாவி என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை.

"குடுத்துட்டேன் சார். வந்த உடனே குடுத்துட்டேன்."

"வந்த உடனேயேவா?"

"ஆமா சார். எல்லாரும் அப்படித்தானே குடுக்கறாங்க?"

"எத்தனை?"

"நூத்திப் பதினேழு."

எழுத்தரின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, 'சாவி கொடுத்தார்: 117' என்று அழுத்தமாக எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். கூட்டத்தில் யாரோ, "முப்பது திருகுலயே ஸ்பிரிங் அறுந்துடுமேய்யா" என்று முணுமுணுத்தார்கள். லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், சார், நான் சொன்னது பெட்டிச் சாவி. நம்பர் நூத்திப் பதினேழு. வாசல்ல தொங்குது பாருங்க."

"வாக்குமூலத்துல பெட்டிங்கற வார்த்தையே இல்லையே?"

"அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க சார்."

எழுத்தர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அடிச்சா பதிவேட்டோட அசல் கெட்டுடாதா?"

தலைமை மதிப்பீட்டாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வீட்டில் தண்ணீர் கேட்பதானாலும் மேடைத் தமிழில் கேட்கிற பேர்வழி. கடிகாரத்தைக் கைக்குட்டையில் வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். துக்க வீட்டில் நிற்பவர்போல் தலையை ஆட்டினார்.

"பட்டியல் அச்சாகிவிட்டது" என்றார் கடைசியில். "பட்டியலில் ஓடாதது என்று இருக்கிறது. ஆகவே இது ஓடாத கடிகாரம். ஓடாத கடிகாரம் ஓடினால், பட்டியல் பொய்யாகும். பட்டியல் பொய்யானால் கழகம் பொய்யாகும். பொருளுக்காகப் பட்டியலைத் திருத்துவது மரபல்ல. பட்டியலுக்குத் தகப் பொருள்தான் திருந்த வேண்டும்."

"எப்படிங்க திருந்தும்?"

"தானாக நிற்கும். ஒரு திருகுக்கு இரண்டு மணி நேரம். நூற்றுப் பதினேழு திருகுக்கு இருநூற்று முப்பத்து நான்கு மணி நேரம். ஒன்பது நாளும் பதினெட்டு மணியும் நீங்கள் இங்கே அமர்ந்திருக்க வேண்டும்." அவர் எழுத்தர் பக்கம் திரும்பினார். "நூற்றுப் பதினேழு திருகியும் ஸ்பிரிங் அறவில்லை. மிக உறுதியான ஸ்பிரிங் என்று குறித்துக்கொள்ளுங்கள்."

"அஞ்சு மணிக்கு என் வீட்டுக்காரிக்குக் கண்ணுக்கட்டு அவுக்கறாங்க சார். நான் எதுக்க நிக்கணும்."

"உங்களை யார் பிடித்து வைத்தார்கள்?" என்றார் தலைமை மதிப்பீட்டாளர், உண்மையிலேயே மனம் புண்பட்டவராக. "தாராளமாகப் போகலாம். பொருள் பட்டியல் நிலைக்குத் திரும்பியதும் போகலாம். அதுவரை நீங்கள் பொருளோடு இணைக்கப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவே."

எழுத்தர் ஒரு வட்ட வில்லையை எடுத்து அவருடைய சட்டைப் பையில் ஒட்டினார். அதில் '43-அ' என்றிருந்தது. நாற்பத்து மூன்றாம் எண் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். ஒரு தடவை எழுந்து வாசலை நோக்கி நடந்து பார்த்தார். வாயிற்காவலர் வில்லையைப் பார்த்துவிட்டு, "நம்பர் ஒட்டின பொருளை வெளிய விடமுடியாதுங்க" என்று தன்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அறையில் ஓடுகிற கடிகாரம் அது ஒன்றுதான். எட்டு இருபதில் அது கிளம்பியபோது உத்தேசமாக நாலு மணி இருக்கும். அப்படியென்றால் அது ஒன்பது இருபது காட்டும்போது ஐந்து. லிஃப்ட்காரர் அந்தக் கறுப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் நகர நகர அவருக்கு நெஞ்சில் முள் ஏறியது.

ஏலம் கேட்பவர்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு முறைப்படி அவரையும் பார்த்தார்கள். ஒருவர் லென்ஸைப் போட்டு அவர் காதோரத்தை ஆராய்ந்தார்.

"இது மறுபூச்சா?" என்று கேட்டார்.

டயல் நிபுணர் குனிந்து பார்த்தார். "இல்லங்க, சாயம் கிடையாது. நரை அசல். நெத்தியில ஒரு வெட்டு இருக்கு, அதுவும் அசல்தான்."

"லிஃப்ட் கதவு இடிச்சது" என்றார் லிஃப்ட்காரர்.

"பாத்தீங்களா, வரலாறும் இருக்கு" என்றார் டயல் நிபுணர்.

"இவரைத் தனியா குடுப்பீங்களா?"

"இணைப்பைப் பிரிச்சா ரெண்டுக்குமே மதிப்பு கொறையும். வெள்ளிக்கிழமை ஏலத்துல சேத்துத்தான் போகும்."

"ஓடுறாரா?"

"உக்காந்துதான் இருக்காரு" என்றார் முள் நிபுணர். "பட்டியல் நிலைக்கு நல்லா ஒத்துப்போறாரு."

ஒன்பது இருபது ஆயிற்று. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இந்நேரம் கட்டை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் எதிரே வெறும் சுவர் இருக்கும். முப்பத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன 'பதறாதீங்க, கதவு தெறக்கும்' என்பதைத் தனக்கே சொல்லிப் பார்த்தார். சொன்ன ஆளின் மேலேயே நம்பிக்கை வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் ஈரக் கசிவு என்று குறித்துக்கொள்வார்களோ என்று அடக்கிக்கொண்டார்.

பத்து முப்பது சுமாருக்கு வாசலில் சலசலப்பு கேட்டது. வாயிற்காவலர் எழுந்து நின்று சலாம் போட்டார். கனத்த கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். அந்தக் கட்டடத்துக்கு அப்படிப்பட்ட கண்ணாடியோடு வருகிறவர்கள் எல்லாரும் வெளியூர் நிபுணர்கள் என்பது வாயிற்காவலரின் அனுபவம். தலைமை மதிப்பீட்டாளரும் அப்படியே நினைத்துக்கொண்டு, கைக்குட்டையில் கடிகாரத்தை ஏந்தி எதிர்கொண்டு போனார்.

"அம்மையார் தக்க நேரத்தில் வந்தீர்கள். இது ஓடாத கடிகாரம் என்பது எங்கள் நிலை. தங்கள் கருத்து?"

அவள் கண்ணாடியைச் சற்றே தூக்கிவிட்டுக் குனிந்தாள். உதடு மெல்ல அசைந்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல் ஒவ்வோர் எண்ணாகத் தடவிக்கொண்டு வந்தாள்.

"பத்து... முப்பத்தி... ரெண்டு" என்றாள். முகமெல்லாம் மலர்ந்தது. "ஓடுதே! தப்பா ஓடுது, ஆனா ஓடுது!"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் தானாகப் பார்த்துச் சொன்ன முதல் மணி அது. நாற்காலியிலிருந்து லிஃப்ட்காரர் துள்ளி எழுந்தார். அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அதே வேகத்தில், அந்த ஒரு சொல்லால் தன் கதை முடிந்தது என்பதும் புரிந்துபோனது.

"நிபுணர் சாட்சியம் பதிவாயிற்று" என்றார் எழுத்தர். "ஓடுகிறது. நூற்றுப் பதினேழு உறுதி."

அவள் அப்போதுதான் கணவனைப் பார்த்தாள். கிட்டே வந்து, கண்ணாடியைக் கழற்றி, அவர் தலையிலிருந்து சட்டைப் பை வரை பார்த்தாள்.

"என்னங்க, இவ்ளோ நரைச்சிடுச்சா உங்களுக்கு?"

"அசல்" என்றார் டயல் நிபுணர் பக்கத்திலிருந்து.

"அஞ்சு மணிக்கு வர்றேன்னீங்களே? டாக்டரோட மூக்கத்தான் மொதல்ல பாத்தேன். அதுவும் நல்ல மூக்கா இருந்தாலும் பரவாயில்ல." விரலால் வில்லையைத் தொட்டாள். "என்ன நம்பர் இது, சட்டையில?"

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். பெட்டிச் சாவியைச் சொன்னார், கடிகாரச் சாவியைச் சொன்னார், ஒன்பது நாள் பதினெட்டு மணியைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே எழுத்தரின் மேஜைக்குப் போய்ப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். படிக்கக் கிடைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. தலைப்பு, தேதி, கட்டம் ஒன்றுவிடாமல் வாய்விட்டுப் படித்தாள்.

"'சாவி கொடுத்தார், நூற்றுப் பதினேழு.' சரி. பக்கத்துக் கட்டத்துல என்னமோ போட்டிருக்கே? 'சாவி திரும்பப் பெறப்பட்டதா?'"

"அதுல எப்பவும் 'பொருந்தாது'ன்னுதான் எழுதறது" என்றார் எழுத்தர். "ஆதியில பெட்டிச் சாவிக்காக அச்சடிச்ச பதிவேடு. மிச்சம் இருந்துச்சு, அதனால கடிகாரத்துக்கும் இதுலயே எழுதறோம்."

"அப்ப ஏன் கஷ்டப்படறீங்க? குடுத்த சாவியத் திருப்பி வாங்கியாச்சுன்னு எழுதுங்க. நூத்திப் பதினேழையும் வாங்கியாச்சுன்னு எழுதுங்க. சாவி குடுக்காத கடிகாரம் எப்படி ஓடும்?"

அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. தலைமை மதிப்பீட்டாளர் பதிவேட்டை வாங்கினார். கட்டத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி கட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்" என்றார். முள் நிபுணர் பெருமையோடு நிமிர்ந்து நின்றார். "அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பதிவேட்டின் அசல் கெடவில்லை. எழுதுங்கள்!"

எழுத்தர் எழுதினார். 'சாவி திரும்பப் பெறப்பட்டது: 117.' அந்த நிமிஷத்திலிருந்து நாற்பத்து மூன்றாம் எண் கடிகாரம் ஓடவில்லை. பச்சைத் துணியின்மேல் அது டிக் டிக்கென்று ஓடாமல் கிடந்தது. நிபுணர்கள் ஆளுக்கொரு தடவை காதில் வைத்துக் கேட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தர் லிஃப்ட்காரரின் சட்டையிலிருந்து வில்லையைப் பிய்த்தார்.

"சாவி திரும்பி வந்ததுக்கு ஆதாரம் வேணுமே?" என்றார் எழுத்தர். வாயிற்காவலர் ஆணியிலிருந்து நூற்றுப் பதினேழாம் சாவியை எடுத்து வந்து கொடுத்தார். எழுத்தர் அதை ஓர் உறையில் போட்டு, அரக்கு வைத்து முத்திரை குத்தி, கோப்போடு சேர்த்துத் தைத்தார்.

"சார், அது என் பெட்டிச் சாவி. என் கடிகாரம், போன், குடை எல்லாம் உள்ள இருக்கு."

"உறையைப் பிரித்தால் சாவி மறுபடி கொடுக்கப்பட்டதாகிவிடும்" என்றார் தலைமை மதிப்பீட்டாளர். "கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும். நீங்களும் அமர வேண்டியிருக்கும்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். மனைவி அவர் கையை அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"கவலை வேண்டாம்" என்று தலைமை மதிப்பீட்டாளர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பூட்டிய பெட்டியில் காற்றுப் படாமல், கை படாமல் இருக்கப்போகிறது. எந்தக் கடிகாரத்துக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்? ஐம்பது வருஷம் போகட்டும், உங்கள் கடிகாரமும் அசலாகிவிடும். அப்போது ஒரு பார்வை நாளில் அவசியம் வாருங்கள்."

வாசலில் வாயிற்காவலர் அவர் பெயருக்கு நேரே, உள்ளே வந்த நேரம் பதினொன்று பத்து, வெளியே போன நேரம் பதினொன்று பத்து என்று எழுதிக்கொண்டார். அந்தக் கணக்குப்படி அவர் உள்ளே போகவே இல்லை.

தெருவில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் போகிற வருகிற பஸ்ஸின் எண்களையும் கடைப் பலகைகளையும் படித்துக்கொண்டே நடந்தாள். அவர் கூடவே நடந்தார். வீட்டுக்குப் போகிற பஸ் போய்விட்டதோ என்ற நினைப்பில், பழக்கதோஷத்தில் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அங்கே கடிகாரம் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"மணி என்ன இருக்கும்?" என்றார்.

அவள் நின்றாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் என்ன உங்க கடிகாரமா?"

அவருக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு மாதமாக அந்தச் சொல் இவளுக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது என்று தெரிந்துபோனது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி நெற்றியில் இருந்த பெரிய கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன முள்ளைப் பார்த்தாள். பெரிய முள்ளைப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"ஆறு நாப்பத்திரெண்டு" என்றாள். "எங்க, இன்னொரு தடவ கேளுங்க."